உனக்குப் பிடித்த அந்த ஒரு வருஷம்

எட்வினுக்கு, அப்பா எழுதுவது. உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. இரண்டு தரம் எழுத உட்கார்ந்து, இருமல் வந்து, பேனாவை மூடிவைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். இத்தனை வருஷம் ஆவாரம்பட்டைத் தூசியையும் சுண்ணாம்பு வாடையையும் சுவாசித்த மார்பு, இப்போது அரைப் பக்கம் எழுதினாலே இளைக்கிறது. இன்று வெயில் காய்கிறது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் எழுந்து படுத்து, மறுபடி வந்து எழுதுவேன். மை வேறு வேறாகத் தெரிந்தால் அதுதான் காரணம்.

உன் கல்யாணத்துக்கு வந்துவிடுவேன். ஆம்பூரிலிருந்து வேலூர் என்ன சீமையா? யாராவது கைபிடித்து ரயிலில் ஏற்றிவிட்டால் போதும். நீ கேட்ட இரண்டாவது காரியம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. பெங்களூரில் உன் வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பியூலாவை டாக்டராக வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றும், கல்யாணத்துக்குப் பிறகு அவள் வீட்டோடு இருப்பதுதான் உனக்கு இஷ்டம் என்றும், நீ சொன்னால் சண்டையாகும், நான் சொன்னால் பெரியவர் வார்த்தையைத் தட்டமாட்டாள் என்றும் எழுதியிருக்கிறாய். அதோடு விட்டிருந்தால் நானும் இரண்டு வரியில் பதில் போட்டிருப்பேன். கீழே எழுதியிருக்கிறாயே, "அம்மா என்றால் எனக்கு அவளுடைய முதுகுதான் ஞாபகம் வருகிறது. எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது ஒரே ஒரு வருஷம் அவள் எல்லோர் அம்மாவையும் போல இருந்தாள். என் பிள்ளைக்கு அந்த ஒரு வருஷம் போல எல்லா வருஷமும் இருக்கவேண்டும்" என்று. இதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நீ பார்த்ததை நீ எழுதியிருக்கிறாய். நான் பார்த்ததை நான் எழுதுகிறேன். அப்புறம் உன் பாடு.

உன் அம்மா சலோமியை நான் பெண் பார்க்கப் போனபோது அவள் சென்னையில் பி.ஏ. முடித்துவிட்டு வந்திருந்தாள். வேலூரில் கோட்டைக்குப் பின்பக்கம் அவர்கள் வீடு. உன் தாத்தா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். பெண்ணைக் கணக்கு படிக்கவைத்துவிட்டு, அதற்கு ஏற்ற மாப்பிள்ளை கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார். நான் மெட்ரிகுலேஷனோடு நின்றவன். ஆம்பூரில் ஒரு சாயபுவின் டேனரிக்கு, தோல் பதனிட ஆவாரம்பட்டை வாங்கிக் கொடுக்கும் வேலை. அமிர்திக் காட்டோரமும் ஜவ்வாது மலை அடிவாரமும் சுற்றி, பட்டை உரிக்கிறவர்களிடம் விலை பேசி, பார வண்டியில் ஏற்றி அனுப்பவேண்டும். இப்படிப்பட்டவனுக்கு இந்தப் பெண்ணா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. அவள் அத்தை ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் நேராகவே பேசினாள்.

"நான் எதாவது யோசிச்சிட்டிருந்தா அடுப்புல இருக்கிறது அடி பிடிச்சிடும். அப்புறம் சண்டை போடக் கூடாது. இப்பவே சொல்லிடறேன்."

"நான் கிளப்புக்கடைச் சோறு தின்னு வளந்தவன். அடி பிடிக்காத சோறு இன்னும் பாத்ததில்ல" என்றேன்.

அந்த அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். சலோமி சிரித்தாள். எங்கள் கல்யாணம் அந்த நிமிஷமே முடிந்துவிட்டது, கோயிலில் நடந்தது ஊருக்காக.

ஆம்பூருக்கு வந்தபின் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். ஊரில் யாருக்கும் அவள் வீட்டில் என்ன செய்கிறாள் என்று விளங்கவில்லை. சாயபு ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ஒங்க ஊட்டம்மா கணக்குல ஜாஸ்தி படிச்சவங்களாமே! நம்ம மண்டில வருசக் கணக்கு ஒதைக்குது. ஒரு தபா வந்து பாக்க சொல்லேன்பா" என்றார். நான் வந்து சொன்னபோது சலோமி விழுந்து விழுந்து சிரித்தாள். "எனக்குக் கூட்டலே ஒழுங்கா வராதுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள். அது உண்மைதான். சந்தையில் கத்தரிக்காய்க்காரி சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு, மீதியைப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு வருகிறவள் அவள்.

அப்படியானால் என்னதான் கணக்கு என்று நானும் கேட்டேன். எலுமிச்சம்பழக் கூடையைக் காட்டினாள். "இத எப்படிக் குலுக்கினாலும் பழத்துக்குப் பழம் நடுவுல சந்து இருக்குதில்ல? எவ்வளவு நெருக்கமா அடுக்கலாம், அதுக்கு மேல நெருக்க முடியாதுன்னு ஒரு எல்லை உண்டா, அதுதான் கேள்வி. ஆனா கூடையில மூணு திசைதான். நீளம், அகலம், உயரம். நான் பாக்கிறது நாலு திசை, அஞ்சு திசை, ஆறு திசை இருக்கிற இடத்துல."

"அப்படி ஒரு இடம் எங்க இருக்குது?"

"எங்கயும் இல்ல. அதான் நிம்மதி" என்றாள்.

அதற்குமேல் எனக்கு ஒன்றும் புரிந்ததில்லை. ஆனால் அந்த நிம்மதி என்ற வார்த்தை புரிந்தது. ஊர் முழுக்கப் பச்சைத்தோல் நாற்றம், தெருவில் தோல் வண்டிச் சத்தம், வீட்டில் இன்னது இல்லை இன்னது தீர்ந்தது என்கிற பேச்சு. இதற்கு நடுவே அவளுக்குப் போய்வர ஓர் இடம் இருந்தது. நடுக்கூடத்துச் சுவரில் கரியையும் ஊமத்தை இலையையும் அரைத்துப் பூசிக் கறுப்பாக்கினாள். அதில் சுண்ணக்கட்டியால் எழுதுவாள், அழிப்பாள், எழுதுவாள். பக்கத்து வீட்டார் நம் வீட்டில் ஏதோ மந்திரம் நடக்கிறது என்றுகூடச் சொன்னார்கள்.

நீ பிறந்தது உலகச் சண்டைக் காலத்தில். பட்டாளத்துப் பூட்சுக்குத் தோல் வேண்டும் என்று டேனரிகள் இரவு பகலாக ஓடின. பட்டை கிடைக்காமல் நான் மாதத்தில் பாதி நாள் காட்டிலேயே கிடந்தேன். உன்னை வளர்த்தது அவள் ஒருத்தி. உனக்குத் தூளி கட்டியதும் அந்த நடுக்கூடத்தில்தான். தூளிக் கயிற்றில் இன்னொரு கயிற்றைக் கோத்து, அதன் நுனியைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு, காலால் ஆட்டியபடி சுவரில் எழுதிக்கொண்டிருப்பாள். நீ சிணுங்கினால் கால் வேகமாக ஆடும், கை நிற்காது. நீ கண்ணைத் திறந்து பார்த்தால் முதுகுதான் தெரிந்திருக்கும். கயிறு உன் கண்ணுக்குப் பட்டிருக்காது, ஐயா.

சண்டை முடிந்தபிறகு, சென்னையில் அவளுக்குப் பாடம் சொன்ன வெள்ளைக்காரப் பேராசிரியர் அவள் எழுதியதை வாங்கிச் சீமைக்கு அனுப்பினார். அது அங்கே அச்சாயிற்று. அதைப் பார்த்துவிட்டு, பெண்கள் காலேஜ் ஒன்றிலிருந்து இரண்டு வருஷம் வந்து தங்கி ஆராய்ச்சி செய்யும்படி அழைப்பு வந்தது. இதை அவள் எனக்குச் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. சோறு போட்டுக்கொண்டே, பருப்பு விலை ஏறிவிட்டது என்று சொல்வதுபோல, "சீமைக்கு வரச் சொல்றாங்க. முடியாதுன்னு எழுதிட்டேன்" என்றாள். "ஏன்?" என்றேன். "எட்வினை விட்டுட்டா?" என்று கேட்டாள். நான் சரி என்று சாப்பிட்டு எழுந்துவிட்டேன். அதற்கு முன்னே இரண்டு குழந்தைகள் தங்காமல் போய், மூன்றாவதாக வந்தவன் நீ. அந்தப் பதிலுக்கு மேலே கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்தக் கிறிஸ்மஸுக்கு அவளே நடுக்கூடத்துச் சுவருக்கு வெள்ளையடித்தாள். பள்ளிக்கூடத்திலும் லீவு சொல்லிவிட்டாள். நீ எழுதியிருக்கும் அந்த ஒரு வருஷம் அன்று ஆரம்பித்தது. நீ சொல்வதெல்லாம் நிஜம். தினமும் சுடச்சுடத் தோசை. உனக்கு நீலத் துணியில் கையாலேயே சட்டை தைத்தாள். சாயங்காலம் பாலாற்று மணலுக்கு உன்னை அழைத்துக்கொண்டு போவாள். மாதனூரிலிருந்து வந்த உன் மார்த்தா அத்தை, "இப்பதான் இந்த வீடு வீடா இருக்குது. பொம்பள பொம்பளயா இருந்தா எவ்ளோ லட்சணம் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். சலோமி அதற்கும் சிரித்தாள். எனக்கும் அந்தச் சாப்பாடு பிடித்திருந்தது, எட்வின். காட்டிலிருந்து வந்தால் வெந்நீர் தயாராக இருக்கும். யாருக்குத்தான் பிடிக்காது?

அவள் இளைத்துக்கொண்டே வந்ததை நான் மெதுவாகத்தான் கவனித்தேன். நான் வீட்டில் இருக்கும் நாளில் எழுந்து நடமாடுவாள். இல்லாத நாளில், உனக்குச் சாப்பாடு போட்டுவிட்டுப் பாயை விரித்தால் பொழுது சாயும்வரை எழுவதில்லை என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னாள். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. கேட்டதற்கெல்லாம் சரி என்றாள். சலோமி அப்படிப்பட்டவள் இல்லை. ஒன்று சொன்னால் ஏன் என்று கேட்கிற ஜன்மம். அந்த வருஷம் முழுக்க ஒரு தரம்கூட அவள் ஏன் என்று கேட்கவில்லை.

ஒருநாள் அமிர்திப் பக்கம் மழை பிடித்துக்கொண்டு வண்டிப் பாதை சேறாகிவிட்டதால், பட்டை ஏற்றாமலே பாதியில் திரும்பிவிட்டேன். நல்ல பகல். வாசலில் நுழையும்போதே ஆட்டுக்கல் சத்தம் கேட்டது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சலோமி உட்கார்ந்து குழவியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நீ பக்கத்தில் வெல்லத்தைக் கடித்துக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாய். கல்லில் அரிசி இல்லை, உளுந்து இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. வெறுங்கல்லில் குழவி ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா சலோமி இது? கல்லுல ஒண்ணும் இல்லியே."

அவள் நிறுத்தவில்லை. "சத்தம் வரணும்ல. வீட்ல பொம்பள இருக்கான்னு தெரியணும்ல."

"அரிசி போட்டாவது அரைக்கலாமே."

"அரைச்சு முடிச்சிட்டா, அப்புறம் இன்னா பண்றது?" என்றாள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. பதில் வேண்டும் என்பதுபோல என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் கையைக் குழவியிலிருந்து விலக்கினேன். அந்தக் கை சூடாக இருந்தது. உள்ளங்கையில் கொப்புளம் எழும்பி உடைந்திருந்தது. நீ, "ஏம்பா நிறுத்திட்ட?" என்று என்மேல் கோபித்துக்கொண்டாய். உனக்கு இது ஞாபகம் இருந்தால், நல்ல ஞாபகமாகத்தான் இருக்கும்.

வேலூருக்கு அழைத்துப்போய் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினேன். வயதானவள், வெள்ளைக்காரி, தமிழ் நன்றாகப் பேசுவாள். நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, சலோமியை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம், "உடம்பில் வியாதி இல்லை. இதுக்கு முன்னே இவங்க என்ன செய்துகொண்டிருந்தாங்க?" என்று கேட்டாள். "கணக்கு" என்றேன். "ஏன் நிறுத்தினாங்க?" என்றாள். பிள்ளைக்காக என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்தப் பிள்ளைக்காக ஒருத்தி வெறுங்கல்லை ஆட்டிக்கொண்டிருப்பது என் கண்ணெதிரே வந்துவிட்டது. எழுந்து வந்தேன்.

அடுத்த நாளே சென்னைக்குப் போனேன். பேராசிரியர் வீட்டுத் தோட்டத்தில் நின்றுகொண்டு, எனக்குத் தெரிந்த ஓட்டை இங்கிலீஷில், என் மனைவிக்கு அந்த இடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். கேட்டு எழுதுகிறேன் என்றார். இருக்கிறது என்று பதில் வந்தபிறகுதான் சலோமியிடம் சொன்னேன். அவளுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

"என்னக் கேக்காம நீங்க யாரு போய்க் கேக்க? பெத்த பிள்ளைய விட்டுட்டுப் போனான்னு ஊர் என்னைத்தான சொல்லும்? உங்களயா சொல்லும்?"

"சொல்லட்டும்."

"எட்வின யாரு பாப்பா? நீங்க பாதி நாள் காட்ல இருப்பீங்க."

"இனிமே போகமாட்டேன்."

பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான், "ஏன்?" என்று கேட்டாள். "நீ செத்துப்போய்டுவ போல இருக்குது சலோமி" என்றேன். அவள் அழுதது அப்போதுதான்.

சாயபுவிடம் போய், காட்டு வேலை வேண்டாம், டேனரிக்குள்ளே எதாவது கொடுங்கள் என்றேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பொண்டாட்டிய கப்பல்ல ஏத்திட்டு நீ சுண்ணாம்புக் குழியாண்ட நிக்கப் போறியா? இன்னா பேஜார்யா இது!" என்றார். தாடியைத் தடவிக்கொண்டார். "படிக்கத்தானே போறாங்க. படிப்புக்குப் போறவங்கள தடுக்கக் கூடாதுன்னு எங்கள்ல சொல்வாங்க. போ, நாளைலருந்து உள்ள வந்துரு" என்றார். பச்சைத்தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போடும் குழிகளுக்கு மேஸ்திரியானேன். என் கால் இன்று தோல் வெந்து வெடித்து இப்படி இருப்பதற்கு அந்தக் குழிகள் காரணம். வருத்தமாகச் சொல்லவில்லை, உனக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன்.

ஸ்டேஷனில் நீ அழவில்லை. அவள் குனிந்து முத்தம் கொடுக்க வந்தபோது, அவள் கையைப் பிடித்துக் கடித்தாய். ரத்தம் வந்தது. நான் உன்னை இழுத்தேன், அவள் விடச்சொன்னாள். "அவன் கடிக்கட்டும். இன்னும் கொஞ்சநேரம் புடிச்சிருக்கட்டும்" என்றாள். வண்டி ஊதுகிற வரைக்கும் நீ விடவில்லை.

அந்த இரண்டு வருஷமும் நான் உனக்குச் சமைத்தேன், குளிப்பாட்டினேன், காய்ச்சல் வந்தபோது மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காட்டில் திரிந்தபோது எனக்குக் கிடைக்காத பிள்ளை அப்போது கிடைத்தான். ஆனால் அவளிடமிருந்து கடிதம் வந்து நான் படிக்க ஆரம்பித்தால் நீ எழுந்து வெளியே போய்விடுவாய். ஒருமுறைகூட முழுசாகக் கேட்டதில்லை. அவள் எழுதியதில் பாதி உனக்காகவே இருந்தது. அங்கே குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, கரி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தும் கை விறைக்கிறது, ஆண்களுக்குக் கொடுக்கும் பட்டத்தைப் பெண்களுக்குக் கொடுப்பதில்லை, ஆனாலும் பாடத்தைக் கேட்கலாம் என்றெல்லாம் எழுதினாள். முதல் வருஷம் முழுக்க அவள் போன வழி தப்பான வழியாகப் போயிற்று. அதை விட்டுவிட்டு வேறு பக்கமாக ஆரம்பித்தாள். ஒருவழியாக முடித்தாயிற்று என்று நினைத்தபோது, கூடப் படித்த ஒருத்தி நடுவில் ஓர் ஓட்டையைக் காட்டினாள். அதை அடைக்க மாதக்கணக்கில் ஆயிற்று. ஜனங்கள் இப்போது அவள் பெரிய மேதை, எல்லாம் கடவுள் கொடுத்தது என்கிறார்கள். கடவுள் கொடுத்திருக்கலாம். அவளிடம் அது வந்துசேர்ந்தது வெகு மெதுவாக, அழித்து அழித்து எழுதின பிறகுதான். எத்தனை திசை இருந்தாலும் சரி, உருண்டைகளை இதற்கு மேல் நெருக்கமாக அடுக்கவே முடியாது என்று கடைசியில் ஓர் எல்லையைப் போட்டாள். அதுவரை யாரும் அவ்வளவு அருகில் வேலி போட்டதில்லை என்று சொன்னார்களாம். இன்னும் ஒரு வருஷம் இரு என்று கெஞ்சினார்கள். அவள் இருக்கவில்லை. கப்பல் ஏறிவிட்டாள்.

அவள் திரும்பி வந்த அன்று நீ புதுச்சட்டை போட்டுக்கொண்டு என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தாய். அவள் வண்டியிலிருந்து இறங்கி உன் பெயரைச் சொல்லிக் கையை நீட்டினாள். நீ இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "வாங்க" என்றாய். "வாம்மா" இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பரீட்சை பார்க்க வரும் இன்ஸ்பெக்டரிடம் சொல்வதுபோல, "வாங்க." அவள் நீட்டின கையை மெதுவாக இறக்கி, தானும் கும்பிட்டு, "வந்துட்டேங்க" என்றாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டேன். உங்கள் இருவர் முகத்தையும் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதன்பிறகு கடைசிவரை நீ அவளிடம் மரியாதையாகவே பேசினாய். நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள்.

மிச்சம் உனக்குத் தெரிந்ததே. சுவரை மறுபடி கறுப்பாக்கினாள். பள்ளிக்கூடம், சுவர், பள்ளிக்கூடம் என்று காலம் ஓடியது. நீ வேலூர் போர்டிங்குக்குப் போய்விட்டாய். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நீ காலேஜில் இருந்தபோது, ஜெர்மனியிலோ எங்கோ ஒருவர் அவளுடைய வழியையே பிடித்துக்கொண்டு போய், அவள் போட்ட வேலியை இன்னும் உள்ளே தள்ளிப் போட்டுவிட்டார். இனி அவளுடைய எல்லைக்கு மதிப்பில்லை. அந்தப் பத்திரிகை வந்தபோது நான் பயந்தேன். அவளோ அன்று குதித்தாள். என்னை உட்காரவைத்து, "பாருங்க, நான் விட்ட எடத்துலருந்து எடுத்திருக்கார். இது எனக்குத் தோணவேயில்ல!" என்று சுவர் முழுக்க எழுதி எழுதிக் காட்டினாள். அவர் தம்முடைய கட்டுரையில் அவள் வழிக்கு அவள் பெயரையே வைத்திருந்தார். எழுத்தைத் தப்பாகப் போட்டு, ஆண் என்று நினைத்து மிஸ்டர் என்றும் போட்டிருந்தார். "பரவால்ல, மிஸ்டர் சலோமி நல்லாத்தான் இருக்குது" என்றாள். அவளால் பெரிய வேலை அதன்பிறகு நடக்கவில்லை. ஏழெட்டு வருஷம் முயன்று தோற்றாள். தோற்ற நாளிலும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, உப்பு ஜாஸ்தி என்று என்னைத் திட்டுவாள். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

சீமைக் குளிரில் பிடித்த சளி அவளை விடவேயில்லை. கடைசி மாதங்களில் எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். ஒரு சாயங்காலம் நான் கேட்டேன், "போனது தப்புன்னு நெனக்கிறியா சலோமி?"

சுவரைவிட்டு என் பக்கம் திரும்பினாள். "தப்புன்னா, திரும்ப ஒருதரம் அந்த ரயில் வந்தா ஏறமாட்டேன்னு ஆவும். ஏறுவேன். ஆனா அவன் 'வாங்க'ன்னு சொன்னானே, அது இன்னும் தொண்டையிலயே இருக்குது. ரெண்டும் இருக்குதுங்க. ஒண்ண ஒண்ணு கழிச்சுக்க மாட்டேங்குது."

"அவன் வந்தா சொல்லேன்."

"அவன் கேக்கணும். நானா சொன்னா சாக்குச் சொல்ற மாதிரி ஆயிடும்." பிறகு, "கேட்டா நல்லாருக்கும்" என்றாள்.

நீ கேட்கவில்லை. உன்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. உனக்குக் கேட்கத் தெரியவில்லை, அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது எனக்கு உடம்பு சரியில்லாமல் போனதால், மூன்றாவது ஆள் நான் சொல்லவேண்டியதாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை பியூலா இங்கே வந்திருந்தாள். உன்னிடம் சொன்னாளோ என்னவோ. வேலூரிலிருந்து காலை வண்டியில் தனியாக வந்து, என் முதுகில் குழாய் வைத்துப் பார்த்து, "மாமா, மூச்சு இழுங்க. அதில்ல, இன்னும் நல்லா இழுங்க" என்று அதிகாரம் பண்ணினாள். எனக்குச் சிரிப்பு வந்து இருமலாகிவிட்டது. கஞ்சி வைத்துக் கொடுத்தாள், கட்டி தட்டியிருந்தது. முந்தின நாள் ஆஸ்பத்திரியில் ஒரு பிரசவம், தாயும் பிள்ளையும் போய்விடுவார்கள் என்று எல்லோரும் கைவிட்டதைத் தான் எப்படித் திருப்பி எடுத்தாள் என்று சொன்னாள். சொல்லும்போது அவள் கை இரண்டும் தானாக அந்தக் குழந்தையைத் திருப்பிக்கொண்டிருந்தது. நீ சொல்லச்சொன்ன வார்த்தையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் எனக்குக் கிடைத்திருக்காது. வாயைத் திறந்தேன். "கஞ்சி நல்லாருக்குதும்மா" என்றேன்.

நான் அவளிடம் சொல்லப்போவதில்லை, எட்வின். நீ என் ஒரே மகன், இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை, முதல்முறை கேட்டதை இல்லை என்கிறேன். மன்னித்துக்கொள். வேண்டுமானால் நீயே கேள். அவள் முடியாது என்று சொல்லிச் சண்டை போட்டால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். என் பயம் அது அல்ல. அவளுக்கு உன்மேல் அவ்வளவு ஆசை இருக்கிறது, நீ கேட்டால் சரி என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். அவள் சரி என்று சொல்லிவிட்டால், அந்தச் சரியை நீ நம்பிவிடாதே.

கை ஓய்ந்துவிட்டது. வெயிலும் போய்விட்டது. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவேண்டாம். கல்யாணத்துக்கு முந்தின நாள் வருகிறேன். ஸ்டேஷனுக்கு நீ வா. வரும்போது அம்மாவைப் பற்றி என்னிடம் எதாவது ஒன்று கேள். எது வேண்டுமானாலும் கேள், சின்னதாக இருந்தாலும் சரி. கல்யாண வீடு வரும்வரைக்கும் பேச எனக்கு மூச்சு இருக்கும்.

அப்பா